திருச்சி – வேளாங்கண்ணி நடை: முழுநாள் ஓய்வு தஞ்சாவூரிலா, நீடாமங்கலத்திலா, திருவாரூரிலா?

திருச்சியிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்கு வழியில் குழப்பமே கிடையாது. துவாக்குடி, செங்கிப்பட்டி, வல்லம், தஞ்சாவூர், சாலியமங்கலம், அம்மாப்பேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர், சிக்கல், புத்தூர் ரவுண்டானா, பாப்பாகோவில், பரவை என்று போனால் மாதா கோவில் வந்துவிடும். ஏறக்குறைய 150 கிலோமீட்டர். குழப்பமெல்லாம் ஒரே விஷயத்தில்தான். இடையில் ஒரு நாள் முழுக்கத் தங்கி, காலுக்கு மருந்து போட்டு, துணி துவைத்து, தீர்ந்துபோன சாமானை வாங்கிக்கொண்டு கிளம்ப எந்த ஊர் தோது?

பல குழுக்களில் இதற்குப் பதில் "போன வருஷமும் அங்கேதான் தங்கினோம்" என்பதோடு முடிந்துவிடுகிறது. குழுவில் இந்த வருஷம் புதிதாக யார் வருகிறார்கள், எத்தனை பேர் வெறுங்காலில் நடக்கிறார்கள், கூட வண்டி வருகிறதா, தங்கும் நாள் முகூர்த்த நாளா, பள்ளிக்கூட நாளா என்று பார்த்தால் பதில் மாறும். மூன்று ஊரும் மூன்று விதம். முதல்முறை நடப்பவர்கள் ஒருவர் இருந்தாலும் தஞ்சாவூர்தான் சரி என்பது எங்கள் கருத்து. மற்ற இரண்டும் யாருக்குச் சரிப்படும் என்பதையும் சொல்கிறோம்.

முதலில் தூரம். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் 55 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் 30க்குச் சற்று அதிகம். அங்கிருந்து திருவாரூர் 25 சொச்சம். திருவாரூரிலிருந்து வேளாங்கண்ணி சுமார் 35. விடியற்காலை 3.30க்குக் கிளம்பி 9 மணிக்கு நிறுத்தி, வெயில் தாழ 4.30க்கு மறுபடி எழுந்து இரவு 8 மணி வரை நடந்தால் ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் ஓடும். இந்தக் கணக்கில் தஞ்சாவூர் இரண்டாம் நாள் மாலை, நீடாமங்கலம் நான்காம் நாள் காலை, திருவாரூர் ஐந்தாம் நாள் காலை வரும்.

இந்த நாள் கணக்குதான் முக்கியம். கொப்புளம் போடுவது பெரும்பாலும் முதல் இரண்டு நாளில்தான். வியர்வையில் ஊறிய தோல், தாரின் சூடு, செருப்பு வாரின் உரசல் மூன்றும் சேரும்போது தோலின் மேலடுக்கு அடியடுக்கிலிருந்து பிரிந்து நடுவில் நீர் கோத்துக்கொள்கிறது. துவாக்குடி தாண்டியதிலிருந்து வல்லம் வரை அகலமான நாற்கரச் சாலை. செம்மண் மேட்டுப் பூமி, ஓரத்தில் நிழல் குறைவு. உடம்பு நடைக்குப் பழகுவதற்கு முன்பே வழியின் மிகக் கடினமான பகுதி வந்துவிடுகிறது. முதல் நாள் குதிகால் ஓரத்தில் சிவப்பாகத் தெரிவது இரண்டாம் நாள் மாலைக்குள் நீர்க்கொப்புளமாகிவிடும். அன்று இரவு அதைக் கவனித்து, மறுநாள் முழுக்கக் காற்றுப்பட விட்டால், நான்காம் நாள் விடியலில் மெத்தென்று கட்டுப்போட்டு நடக்கலாம். கவனிக்காமல் நீடாமங்கலம் வரை இழுத்தால் தோல் உரிந்து சதை தெரியும். திருவாரூர் வரை இழுத்தால் வலிக்குப் பயந்து காலைக் கோணலாக ஊன்றி, முழங்காலும் இடுப்பும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும்.

தஞ்சாவூர்

தஞ்சாவூருக்குள் நுழைவதிலேயே ஒரு தீர்மானம் இருக்கிறது. ஊருக்கு முன்பே புறவழிச்சாலை பிரிகிறது. இருட்டில் லாரிகளின் பின்னாலேயே போனால் ஊரைச் சுற்றிக்கொண்டு கடையோ மருத்துவமனையோ இல்லாத பாதையில் போய்விடுவீர்கள். முன்னால் போகும் கொடிக்காரரிடம் இதைக் கிளம்பும்போதே சொல்லிவைக்க வேண்டும். வல்லம் பக்கமிருந்து ஊருக்குள் வந்தால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வழியிலேயே வரும். கால் மோசமாக இருப்பவர்களை அங்கே இறக்கிவிட்டு மற்றவர்கள் மேலே போகலாம்.

அடுத்த கேள்வி, புதிய பேருந்து நிலையத்தின் பக்கம் தங்குவதா, ரயிலடி வரை போவதா? களைத்து வருகிறவர்களுக்குப் புதிய பேருந்து நிலையம் கண்ணில் பட்டதும் உட்கார்ந்துவிடத் தோன்றும். இன்னும் நாலைந்து கிலோமீட்டர்தான், ரயிலடிக்கே போய்விடுங்கள். செருப்புத் தைப்பவர், துணிக்கடை, மருந்துக்கடை, மெஸ், பழைய பேருந்து நிலையம், கீழவாசல் கடைத்தெரு எல்லாம் அந்தப் பக்கம் கிட்டக்கிட்டே இருக்கின்றன. ஓய்வு நாளில் புண்பட்ட காலோடு ஒவ்வொரு சாமானுக்கும் நகரப் பேருந்து ஏறி இறங்க வேண்டியதில்லை. இன்னொன்று, மறுநாள் விடியலில் நாகப்பட்டினம் சாலையைப் பிடிக்க ஊரை முழுக்கக் கடக்க வேண்டியிருக்காது.

தங்க இடம் என்று பார்த்தால் மூன்று ஊரிலும் தஞ்சாவூரில்தான் வகை அதிகம். ரயிலடியைச் சுற்றி லாட்ஜ்கள் உண்டு. அறை எடுக்கும்போது வாடகைக்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா? மாலை 6 மணிக்கு வருகிறவர்களுக்குப் பகல் 12 கணக்கு என்றால் மறுநாள் மதியமே காலி செய்ய வேண்டும். அல்லது இரண்டு நாள் வாடகை கொடுக்க வேண்டும். ஓய்வே மதியத்துக்கு மேல்தான் வேண்டியிருக்கிறது. அறைக்கு ஒருவராவது அசல் ஆதார் அட்டை வைத்திருக்க வேண்டும். கைபேசியில் எடுத்த படத்தை எல்லா இடத்திலும் ஏற்பதில்லை.

குழுவாக வருகிறவர்கள் திருமண மண்டபத்தைத்தான் நினைப்பார்கள். வேளாங்கண்ணித் திருவிழாக் காலம் முழுக்க ஆவணி மாதம். ஆடி முழுக்கக் கல்யாணம் இல்லாமல் காத்திருந்தவர்களெல்லாம் ஆவணி முகூர்த்தத்தில்தான் நாள் குறித்திருப்பார்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மதியமே பெண்வீட்டார் சமையல் சாமானோடு வந்து இறங்குவார்கள். அதனால் முகூர்த்த நாள், அதற்கு முந்தின நாள் இரண்டையும் காலண்டரில் பார்த்துக் கழித்துவிட்டு மண்டபம் கேளுங்கள். ஜூலையிலேயே நேரில் போய் முன்பணம் கொடுத்து ரசீது வாங்கிவிடுவது நல்லது.

தேவாலய வளாகங்களில் இடம் கேட்பதாக இருந்தால் சொந்தப் பங்குச் சாமியாரிடம் ஒரு கடிதம் வாங்கிப் போவது பெரிய உதவி. எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை, எந்த நாள் எத்தனை மணிக்கு வருவோம், எப்போது கிளம்புவோம், சமையல் உண்டா இல்லையா என்பது அதில் இருக்க வேண்டும். "ஃபாதர், நாப்பது பேர் வர்றோம், ஒரு பகல் ஒரு ராத்திரி, சமையல் வெளியிலதான்" என்று நேராகச் சொன்னால் இடம் இருக்கிறதா இல்லையா என்று அவரும் நேராகச் சொல்லிவிடுவார். இரவு 9 மணிக்கு அறுபது பேராகப் போய் வாசலில் நின்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

தஞ்சாவூரின் குறை இரைச்சல். பகலில் அறைக்குள் புழுக்கம், தெருவில் ஹார்ன் சத்தம். கடை கண்ணி என்று சுற்றிவிட்டு ஓய்வு நாளிலேயே ஏழெட்டுக் கிலோமீட்டர் நடந்துவிடுகிறவர்கள் உண்டு. இளவட்டங்கள் பெரிய கோவிலைப் பார்க்காமல் வரமாட்டார்கள், பார்க்கட்டும். ஆனால் பகல் வெயிலில் அந்தக் கருங்கல் தளத்தில் வெறுங்கால் வைத்தால் கொப்புளம் என்ன கதியாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாலை 5.30க்கு மேல் போனால் போதும்.

வாங்க வேண்டிய சாமான் இங்கேதான் வாங்க வேண்டும். இதற்குப் பிறகு அம்மாப்பேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி எல்லாவற்றிலும் மருந்துக்கடை உண்டு, ஆனால் சிறிய கடைகள். முன்னால் போன குழு கட்டுத்துணியையும் பிளாஸ்திரியையும் அள்ளிப் போயிருக்கும். இரவு 10 மணிக்குள் கதவையும் இழுத்துவிடுவார்கள். இருபது பேர் குழுவுக்கு, தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணி வரை, குறைந்தது இவ்வளவு தேவைப்படும்: ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கும் 21 கிராம் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் 60, போவிடோன் அயோடின் களிம்பு 20 கிராம் டியூப் 6, கிருமி நீக்கிய காஸ் துணி 40, ஒரு அங்குல மைக்ரோபோர் ஒட்டுப்பட்டைச் சுருள் 8, இரண்டரை அங்குல ரோல் கட்டுத்துணி 20, பெரிய டப்பா வாசலின் 2, விரலிடுக்குக்குப் போடும் பூஞ்சைத் தடுப்புப் பவுடர் 3, பாரசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை 5 அட்டை. ஆளுக்கு இரண்டு ஜோடி பருத்திக் காலுறை.

ஓ.ஆர்.எஸ். விஷயத்தில் ஒரு தப்பு எல்லாக் குழுவிலும் நடக்கிறது. 21 கிராம் பொட்டலத்தை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிவிடுவார்கள். உப்பு இரட்டிப்பாகி வாந்தி வரும், தாகமும் கூடும். கையில் அரை லிட்டர் பாட்டில்தான் என்றால் 200 மில்லிக்கென்றே வரும் சின்னப் பொட்டலம் இரண்டை வாங்கி 400 மில்லி தண்ணீர் அளந்து ஊற்றுங்கள். கடையில் டப்பாவில் விற்கும் இனிப்புப் பானம் எல்லாம் ஓ.ஆர்.எஸ். ஆகிவிடாது.

வலி மாத்திரையிலும் கவனம் வேண்டும். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் இரண்டையும் கால்வலிக்கென்று வேளைக்கொன்றாகப் போட்டுக்கொண்டு நடப்பவர்கள் பலர். வியர்த்து, தண்ணீர் குறைவாகக் குடித்து, சிறுநீர் மஞ்சளாக இருக்கும் நேரத்தில் இந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வலிக்குப் பாரசிட்டமால் போதும். அதற்கும் கேட்கவில்லை என்றால் அவர் நடையை நிறுத்த வேண்டும் என்று அர்த்தம்.

செருப்பு மாற்ற வேண்டியவர்கள் மாலையில் வாங்குங்கள். இரண்டு நாள் நடந்த கால் வீங்கியிருக்கும், மாலையில் இன்னும் கொஞ்சம் வீங்கும். அந்த அளவுக்குப் பொருந்தினால்தான் மறுநாள் கடிக்காது. கட்டைவிரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் வேண்டும். புதுச் செருப்பில் ஒரேயடியாக 20 கிலோமீட்டர் நடக்க வேண்டாம். பழையதைத் தூக்கி எறியாமல் பையில் வைத்துக்கொண்டு, ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிப் போட்டால் உரசும் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

ஓய்வு நாளில் காலுக்குச் செய்ய வேண்டியது

எந்த ஊரில் தங்கினாலும் இது ஒன்றுதான். சின்னக் கொப்புளம், வலியில்லை என்றால் குத்தவே வேண்டாம். காஸ் வைத்து ஒட்டினால் போதும். பெரிதாக உப்பி, ஊன்றினால் வலிக்கிறது என்றால் நீரை எடுக்கலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அந்த இடத்தைப் போவிடோன் கொண்டு துடைத்து, பிரிக்காத புது ஊசியால் கொப்புளத்தின் அடியோரத்தில் இரண்டு இடத்தில் குத்தி, மெல்ல அழுத்தி நீரை வெளியேற்றுங்கள். மேலே இருக்கும் தோலைப் பிய்க்கவே கூடாது. அதுதான் அடியில் இருக்கும் புதுத்தோலுக்குக் காவல். களிம்பு, காஸ், அதன்மேல் சுருக்கமில்லாமல் மைக்ரோபோர். ஒரு சுருக்கம் இருந்தாலும் அது அடுத்த கொப்புளம். கொப்புளத்துக்குள் நூல் கோத்து விடுகிற வழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. அந்த நூல் வழியாகத்தான் அழுக்கு உள்ளே போகிறது, அதை விட்டுவிடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இதில் எதையும் குழுவில் செய்யக்கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், புண் இருப்பதே தெரியாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வேறொருவர் டார்ச் அடித்து அவர்கள் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். புண் இருந்தால் நேரே மருத்துவமனை. வெறுங்காலில் நடந்து ஆணியோ கண்ணாடியோ குத்தியவர்களுக்கு அன்றைக்கே டிடி ஊசி. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே போடுவார்கள்.

குத்திய கொப்புளத்தோடு ஆற்றிலோ கோவில் குளத்திலோ இறங்க வேண்டாம். புண்ணில் கிருமி ஏறும். ஊறிய தோல் மறுநாள் முதல் ஐந்து கிலோமீட்டரிலேயே உரிந்துவிடும். படுக்கும்போது கால் இடுப்பைவிட உயரத்தில் இருக்கட்டும், பையைக் கீழே வைத்தால் போதும். நாள் முழுக்கப் படுத்தே கிடந்தால் கெண்டைச்சதை இறுகிவிடும். மாலையில் ஒரு கிலோமீட்டர் மெதுவாக நடந்துவிட்டு வந்து படுங்கள்.

நீடாமங்கலம்

வரைபடத்தில் பார்த்தால் நடுவில் இருப்பது நீடாமங்கலம்தான். திருச்சியிலிருந்து 87 கிலோமீட்டர் போல ஆகியிருக்கும், 60 சொச்சம் மீதி இருக்கும். கும்பகோணம் – மன்னார்குடி சாலையும் தஞ்சாவூர் – நாகப்பட்டினம் சாலையும் சந்திக்கிற இடம். சின்ன ஊர், இரவு 9 மணிக்கு அடங்கிவிடும். தூக்கம் என்று பார்த்தால் மூன்று ஊரிலும் இதுதான் முதல். தஞ்சாவூர் மராத்திய மன்னர்கள் வழிப்போக்கர்களுக்குச் சத்திரம் கட்டிய ஊர்களில் இதுவும் ஒன்று. நடந்து போகிறவர்கள் தங்கும் தூரம் அப்போதே கணக்கில் இருந்திருக்கிறது.

இங்கே தங்குவது யாருக்குத் தோது என்றால், பலமுறை நடந்து பழகி, கால் இறுகிய குழுவுக்கு. கூடவே சமையல் சாமானும் மருந்தும் ஏற்றிய குட்டியானை வண்டி இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் தஞ்சாவூரில் இரண்டு மணி நேரம் மட்டும் நின்று சாமான் ஏற்றிக்கொண்டு, இரைச்சலைத் தாண்டி வந்து இங்கே ஒரு பகல் முழுக்கத் தூங்கலாம். வண்டி இல்லாதவர்களுக்கு இங்கே முழுநாள் தங்குவதில் பெரிதாக லாபமில்லை. லாட்ஜ் குறைவு. அரசு மருத்துவமனை உண்டு, அவசரத்துக்குப் பார்ப்பார்கள். பெரிய சிகிச்சைக்கு மன்னார்குடிக்கோ தஞ்சாவூருக்கோதான் போக வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் தங்க அனுமதி வாங்குகிற குழுக்கள் கிழமையைப் பார்க்க வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் பள்ளி நடக்கிற காலம். மாலை 5 மணிக்கு மேல் இடம் கிடைத்தாலும் மறுநாள் காலை 8 மணிக்குள் கூட்டிப் பெருக்கிக் காலி செய்தாக வேண்டும். இரவுத் தங்கலுக்குச் சரி, பகல் ஓய்வுக்கு உதவாது. சனி, ஞாயிறாக அமைந்தால் மட்டும் நீடாமங்கலத்துப் பக்கம் பள்ளிக்கூடத்தை நம்பி முழுநாள் ஓய்வை வைக்கலாம்.

இந்த ஊருக்குள் வருவதற்கு முன்னும் பின்னும் மூன்று தொல்லைகள் உண்டு. முதலாவது, தஞ்சாவூரை விட்டதும் வரும் புன்னைநல்லூர் மாரியம்மன் கோவில். ஆவணி ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூட்டம் நெரியும். சனிக்கிழமை இரவிலிருந்தே நடந்து வருகிறவர்களும் வண்டிகளும் சாலையை அடைத்துக்கொள்வார்கள். தஞ்சாவூர் ஓய்வு சனிக்கிழமை விழுந்தால் ஞாயிறு 3.30க்குக் கிளம்புவதற்குப் பதில் 2 மணிக்கே கிளம்பி அந்த இடத்தைக் கடந்துவிடுங்கள். இரண்டாவது, நீடாமங்கலம் ரயில்வே கேட். மூடினால் எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. குழுவில் பாதி அந்தப் பக்கமும் பாதி இந்தப் பக்கமும் நின்றுவிடும். கொடியோடு குனிந்து கேட்டுக்கு அடியில் நுழைகிறவர்களைத் தலைவர் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். கேட்டைத் தாண்டி 200 மீட்டரில் எல்லோரும் கூடுவது என்று முன்பே பேசிவைத்தால் பதற்றம் இருக்காது.

மூன்றாவது, தண்ணீர். ஜூன் 12இல் மேட்டூர் திறக்கிற வருஷங்களில் இந்தச் சமயம் ஆறெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் பிரிகிறது. பார்க்க ஆசையாக இருக்கும். மதகுக்குக் கீழே மட்டும் இறங்காதீர்கள். கதவுக்கு அடியில் பீறி வரும் தண்ணீர் கீழே குழி பறித்திருக்கும், மேலே அமைதியாகத் தெரியும் இடத்தில்தான் உள்ளே சுழல் இருக்கும். நீச்சல் தெரிந்தவர்களையும் களைத்த கால் கைவிட்டுவிடும். குளிப்பதென்றால் ஊர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையில், படியில் உட்கார்ந்து மொண்டு ஊற்றிக்கொள்வதோடு சரி.

குறுவை முன்கூட்டியே நட்ட பக்கங்களில் அறுவடையும் தொடங்கியிருக்கும். சாலையோரத்தில் பாதி அகலத்துக்கு நெல் காயும். இருட்டில் அதன்மேல் கால் வைத்தால் வழுக்கும், அது ஒருவருடைய விளைச்சலும்கூட. சுற்றிப் போகச் சாலை நடுவுக்கு வர வேண்டியிருக்கும் என்பதால், வரிசைக்கு முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் ஒளிரும் பட்டை கட்டி, சிவப்பு விளக்கோடு நடக்க வேண்டும். வலப்பக்கம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒற்றை வரிசை. தஞ்சாவூருக்குக் கிழக்கே சாலை குறுகல், பாலங்களில் ஒதுங்க இடமே இருக்காது.

திருவாரூர்

திருவாரூரில் முழுநாள் ஓய்வு வேண்டும் என்கிறவர்களின் நியாயம் இது: வேளாங்கண்ணியில் செப்டம்பர் 6, 7, 8 தேதிகளில் அறை கிடைக்காது, மணலில்தான் படுக்கை, குளிக்கவும் வரிசை. அதற்கு முன் நன்றாகக் குளித்து, வெளுத்த துணி உடுத்தி, வயிறார உண்டு, தெளிந்த முகத்தோடு மாதாவிடம் போக வேண்டும். இதை மறுக்க முடியாது. வயதானவர்களும் குழந்தைகளும் கூட வருகிற குடும்பக் குழுக்களுக்கு இது முக்கியமான விஷயம்.

ஊரும் வசதியானதுதான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நான்கு திசைக்கும் ரயில் பிரியும் சந்திப்பு. நடக்கவே முடியாமல் போனவர்களை இங்கிருந்து ரயிலிலோ பேருந்திலோ நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிடலாம். கமலாலயக் கரையில் மாலைக் காற்று அருமையாக இருக்கும். கோவில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று சொல்கிற அந்தக் குளத்தை ஒருமுறை சுற்றினாலே காலுக்கு வேண்டிய மாலை நடை ஆகிவிடும்.

ஆனால் முழுநாளை இங்கே வைத்தால் காலுக்கு ஓய்வு கிடைக்கும்போது நடையில் முக்கால் பங்கு முடிந்திருக்கும். நடுவில் மூன்று நாள் கொப்புளத்தோடு நடந்தவருக்கு இந்த ஓய்வு தாமதமான மருந்து. ஒரு நாள் முழுக்க ஆறிய உடம்பு மறுநாள் ஒரேயடியாக 35 கிலோமீட்டருக்குத் தயாராக இருக்காது. கீழ்வேளூரிலேயே பிடித்துக்கொள்கிறவர்கள் நிறைய. அதனால் திருவாரூரை அரைநாள் நிறுத்தமாக வையுங்கள். காலை 8 மணிக்கு வந்து, துவைத்துக் காயப்போட்டு, மதியம் தூங்கி, இரவு 8 மணிக்கெல்லாம் மறுபடி படுத்து, 2.30க்கு எழுவது. பருத்தி வேட்டி நல்ல வெயிலில் மூன்று மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஜீன்ஸ் காயாது, இந்தப் பருவத்தில் சாயங்காலம் இடிமழை வேறு வரும். ஈரம் போகாத உள்ளாடையோடு கிளம்பினால் தொடையிடுக்கு உரசி, கடைசி 20 கிலோமீட்டர் நரகமாகிவிடும். சந்தேகமாக இருந்தால் கடையில் ஒன்று புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

வடக்கே அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கமிருந்து வருகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் கும்பகோணத்தில் தங்கினால் தஞ்சாவூரில் கிடைக்கிற எல்லாம் அங்கேயும் கிடைக்கும். பிறகு திருவாரூர் அரைநாள், அவ்வளவுதான்.

தேதியைப் பின்னாலிருந்து எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 7 மாலை பெரிய தேர் பவனிக்கு நிற்க வேண்டும் என்றால் ஆகஸ்ட் 31 விடியலில் திருச்சியை விட வேண்டும். செப்டம்பர் 1 மாலை தஞ்சாவூர், 2 முழுநாள் ஓய்வு, 3 அம்மாப்பேட்டை, 4 கொரடாச்சேரி, 5 காலை திருவாரூர். 6 அதிகாலை கிளம்பி இரவுக்குள் சிக்கல் பக்கம் தங்கினால் 7 காலை வேளாங்கண்ணி. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குப் போகிறவர்கள் ஆகஸ்ட் 22 கிளம்பினால் இதே கணக்கு சரியாக வரும்.

திருவாரூரை விடும்போது ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். கிழக்கே போகப் போகக் கைப்பம்புத் தண்ணீர் உப்புக் கரிக்கும், குடித்தால் தாகம்தான் கூடும். வழியில் மோர்ப் பந்தல்கள் இருந்தாலும் விடியலுக்கு முன் யாரும் திறந்திருக்க மாட்டார்கள். புத்தூர் ரவுண்டானாவில் நாகப்பட்டினம் ஊருக்குள் நுழையாமல் தெற்கே பாப்பாகோவில் பக்கம் திரும்பிவிடுங்கள். அந்த இடத்தில் சென்னை, புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து வரும் கூட்டமும் வந்து சேர்ந்துகொள்ளும். ஒரே நிறக் காவி உடுத்திய ஆயிரக்கணக்கானவர்களுக்கு நடுவில் குழந்தையும் பெரியவரும் தவறிப்போவது இங்கேதான். ரவுண்டானாவுக்கு முன்பே நின்று தலையெண்ணி, ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் குழுத் தலைவரின் கைபேசி எண் எழுதிய சீட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன்பிறகு திரும்புங்கள்.